நாற்பத்தெட்டு மணி நேர ஈரம்

1.

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு ஹேர் டிரையர். சத்தியமாக.

என் வேலைக்காலத்தில் ஒரு லட்சம் மின்சாதனங்களைக் கொன்று பார்த்திருக்கிறேன் (பதினோராயிரம் இருக்கும், ஓய்வு பெற்றவனுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா?). கொல்வதுதான் உத்தியோகம். சுடுவோம், மேலேயிருந்து போடுவோம், ஈரத்தில் ஊறவைப்போம், மூவாயிரம் வோல்ட் பாய்ச்சுவோம். செத்தால் தோல்வி. பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ். அந்த ஒரு தாளை நீட்டி ஐம்பது நாடுகளில் விற்கலாம்.

முதல் வரியை இப்படித்தான் எழுதியிருந்தேன்: "ஒரு தையல்காரி தன் விளக்கைத் தொட்ட..."

வேண்டாம். அவளிடம் மெதுவாகப் போகலாம்.

2.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கப்பல்'. எதைக் கேட்டாலும் "கப்பல் கிளம்பிடும்யா" என்பார். அவர் இருமினால் துறைமுகச் சங்கு ஊதுவதுபோல் இருக்கும்.*

* புளுகு. சன்னக் குரல்காரர்.

அன்றைக்கு என் மேசையில் ஒரு சின்ன அடாப்டர். தையல் மெஷின் விளக்குக்கானது. விதிப்படி நாற்பத்தெட்டு மணி நேரம் ஈரப்பதப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்த ஈரத்தோடேயே மூவாயிரம் வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். ஐம்பத்திரண்டாவது நொடியில் 'டப்'. சோதனைக் கருவி சிவப்பு விளக்கைப் போட்டு ஊளையிட்டது.

"என்னய்யா சத்தம்?" என்றார் கப்பல்.

"புட்டுக்கிச்சு சார்."

"மூடி பூரா தண்ணி நிக்குது பாரு. இப்படி வச்சா எதுதான்யா தாங்கும்? காய வச்சு இன்னொரு தடவ போடு."

"சார், ஈரத்துல தாங்குதான்னு பாக்கறதுக்குத்தானே..."

"கப்பல் கிளம்பிடும்யா."

பக்கத்து மேசையில் ஒரு ஹேர் டிரையர், தன்னுடைய சோதனைக்காக வரிசையில் காத்திருந்தது. அதையே எடுத்து அடாப்டருக்குக் காற்றடித்தேன். பரீட்சைக்கு வந்தவனைப் பிடித்து அடுத்தவனுக்குப் பிட் கொடுக்க வைத்த மாதிரி. அறையே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

இருபது நிமிடம் கழித்து, நிமிடம் முழுக்கத் தாங்கியது. 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை நடந்ததை எங்கேயும் எழுதவில்லை.

3.

(இங்கே கப்பலை வில்லனாக்கி ஒரு பத்தி இருந்தது. பிரமாதமாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். டிரையரைப் பிடித்த கை என்னுடையது.)

4.

போன வாரம் தையல்காரியின் மகள் வந்தாள். அந்த அடாப்டரின் சான்றிதழ் நகலில் என் கையெழுத்தைப் பார்த்து, விசாரித்து, வீடு தேடி.

"அம்மா பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க சார். நாந்தான் கூப்பிட்டேன், 'அம்மா, அந்த லைட்டக் கொஞ்சம் போடுங்க'ன்னு. ஈரக் கையோட வந்து விளக்குக் கம்பியப் புடிச்சாங்க."

பையிலிருந்து கம்பெனிக் கடிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஈரக் கையால தொட்டது உங்க தப்புன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அப்பா ஆறு மாசமா எங்கூடப் பேசறதில்ல. நான் சோறு போட்டா எந்திரிச்சுப் போயிடறாரு. நீங்க டெஸ்ட் பண்ணவரு. நீங்க சொல்லுங்க சார். ஈரக் கையால தொட்டா சாகத்தான் செய்வாங்களா?"

சாகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நாற்பத்தெட்டு மணி நேரமே. அது எனக்குத் தெரியும்.

"அடுத்த வாரம் எழுதித் தர்றேம்மா" என்றேன்.

எழுதியது இது. கடிதமாக ஆரம்பித்தால் கை ஓடவில்லை. தலையில் 'கதை' என்று போட்டதும் ஓட்டமான ஓட்டம்.

5.

முடிவுகள்.

அ) அவள் திரும்பி வரவே இல்லை. (வந்துவிட்டாள்.)

ஆ) கப்பல் ஓடிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். (அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். கொஞ்சம் சிரமம்.)

இ) எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நாலாம் பகுதிவரை வாசித்துவிட்டாள். டிரையர் இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சார், இது நடந்ததா, கதையா?"

"கதைன்னுதாம்மா போட்டிருக்கேன்."

"லட்சம், சங்குன்னு எல்லாத்தையும் பெருசாக்கியிருக்கீங்க. அந்த அம்பத்திரண்டு நொடியையுமா?"

"அது மட்டும்..." என்றேன்.

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா கீழ வண்டியில உக்காந்திருக்காரு. வரமாட்டேன்னவர இழுத்துட்டு வந்திருக்கேன். அந்த ஒரு விஷயத்த மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இப்பவே கொண்டுபோய்க் காட்டணும்."

போட்டால் இந்தக் கிழவன் கோர்ட்டுக் கூண்டில் ஏறவேண்டியதுதான். போடாவிட்டால் இந்தக் கதையைத்தான் அவள் தகப்பனிடம் நீட்ட வேண்டும். ஒரு புளுகனின் கதையை வைத்து எந்தத் தகப்பன் மகளை மன்னிப்பான்?

கீழே ஹாரன் இரண்டு தடவை அடித்தாயிற்று. போட்டானா, இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுதினால் அதுவும் கதையாகிவிடும். அதோடு, வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுதான் இருக்கிறது; நான் இதை நிறுத்துவதற்காக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.