பாக்கெட் கோடு

டாக்டரை முதன்முறை பார்த்துவிட்டு வந்த டெய்லருக்கு ஒரே ஒரு புகார்தான். டாக்டர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையில், பாக்கெட்டின் கோடும் மார்பின் கோடும் சேரவில்லை. ஒரு நூல் விலகல். தன் சட்டையையே கவனிக்காதவர் என் புராஸ்டேட்டை எங்கே கவனிக்கப்போகிறார் என்று மனைவியிடம் புலம்பினார். பயம் வந்தால் அவருக்கு வாய் நீளும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

"உள்ளே போனா வாயை மூடிட்டுப் படுங்க, போதும்" என்றாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வேறு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு இடத்தில் குத்திச் சதை எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இந்த முறை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி. அந்தப் படத்தை அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் பொருத்தி, புள்ளிக்குள்ளேயே ஊசியை விடப்போகிறார்கள். குறி தப்பினால் மறுபடி ஒன்றுமில்லை என்பார்கள். அது பாட்டுக்கு உள்ளே வளரும்.

ஊசி குத்தும் நாளன்று மேஜையில் காலைத் தூக்கிவைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பேன்ட்டுக்கு அளவெடுக்கிற தொழிலில் இருந்தும் தான் இவ்வளவு தூரம் போனதில்லை என்றார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தன் ஜோக்குக்குத் தானே குலுங்கினார் டெய்லர். அசையக் கூடாது என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார்.

டெய்லர் திரையைப் பார்த்தார். சாம்பல் நிற அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல், ஸ்கேனில் எடுத்த புராஸ்டேட்டின் ஓரம் பச்சைக் கோடாக, அதற்குள் அந்தப் புள்ளி சிவப்பு வட்டமாக.

"டாக்டர், பாக்கெட் கோடு சேரல."

"ஜோக்கெல்லாம் அப்புறம் சார்."

"ஜோக் இல்லீங்க. அந்தப் பச்சைக் கோடு இடது பக்கம் ஒரு நூல் வெளியே நிக்குது. நான் சிரிச்சதுல நகர்ந்திருக்கும்."

குரலில் சிரிப்பே இல்லை. டாக்டர் ஊசியை நிறுத்தித் திரையருகே குனிந்தார். படத்தை மறுபடி பொருத்தினார். பிறகு நாலு ஊசி. அது முடியும்வரை டெய்லர் மூச்சுவிட்டதே சந்தேகம்; மயக்கமா என்று நர்ஸ் தொட்டுப் பார்த்தாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. எடுத்த நாலு துணுக்கில் மூன்றில் புற்றுநோய் இருந்தது. ஆனால் சின்னது, வெளியே பரவவில்லை, குணப்படுத்திவிடலாம். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு இவர் வாயைத் திறந்ததுதான் நல்லது என்றார் டாக்டர்.

"இதை இவர் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம் டாக்டர்" என்றாள் அவள். "இனிமே வீட்டுல நான் என்ன சொல்லி அடக்குவேன்?"

டெய்லரோ டாக்டரின் பாக்கெட்டில் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் இன்று கோடே இல்லாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.