மீட்டர் ஓடுகிறது

சட்டை மாற்றுவதற்காக இரண்டு பேர் அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்தபோது, மகள் அவருடைய சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி உள்ளே இருந்ததை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஜி.பி.எஸ். கருவி. திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் அப்பாவைக் காட்டும் நீலப் புள்ளி, தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்றார் தோளைப் பிடித்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரர்.

"மீட்டர் ஓடுது" என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அப்பா. தெருவுக்கே அவர் மீட்டர்க்காரர். ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. விடிந்தால் கிளம்பிவிடுவார், பசித்தால்தான் திரும்புவார். எந்தச் சந்தில் நுழைந்தோம் என்று மறக்க ஆரம்பித்ததும், மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் பெரிய திரை வைத்த ஒன்றை முதலில் காட்டினார். அதில் ஒரு பெண்குரல், இடது பக்கம் திரும்பவும் என்று தேனாகப் பேசியது. "வழி சொல்றதுக்கு வீட்லயே ஆள் இருக்குப்பா" என்றார் அப்பா. "நான் போன வழியை ஞாபகம் வச்சுக்கிற மாதிரி ஒண்ணு குடு." வெயிலில் திரை தெரிகிறதா என்று வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மழை தாங்குமா என்று கேட்டார். கை வியர்த்தாலும் அமுக்க வருகிற பொத்தான் வேண்டுமென்றார். இதெல்லாம் போனிலேயே இருக்கிறதே என்று மகள் முணுமுணுத்ததற்கு, "போன்ல யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்கடி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அவர் நடந்த பாதையெல்லாம் அதில் கோடாக விழுந்தது. பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. கட்டிலோடு சரி. ஆனாலும் கருவியை ஜன்னலோரம் வைத்தோ பையில் போட்டோ ஓடவிட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒருநாள் காலையில் வீடே அதிரக் கத்தினார். "இங்க வாங்க! நான் நடந்திருக்கேன்!"

திரையில் ஒரு கோடு கட்டிலிலிருந்து புறப்பட்டு, சுவரைத் தாண்டி, தெருவைக் கடந்து, தையல் கடைக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருந்தது. அம்மா பயந்துபோனாள், மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று. மகள் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். திறந்தவெளியில் செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வருமாம். வீட்டுக்குள் அது சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றிக்கொண்டு வருமாம். கருவி குழம்பிப்போய், அசையாமல் கிடக்கிற ஆளும் அலைகிறதாக நினைத்துக்கொள்ளுமாம். பழுதெல்லாம் இல்லை, அதன் சுபாவமே அதுதான் என்றார்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நம்ம கண்ணுக்குப் படுத்திருக்கேன். மேல இருக்கிறதோட கண்ணுக்கு நடந்துக்கிட்டு இருக்கேன். எது சரின்னு யாரு சொல்றது?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கணக்கு வாசிப்பார். தையல்காரர் வந்தால் விடமாட்டார். "நேத்து உன் கடைக்கு வந்தேன், நீ திரும்பிக்கூடப் பாக்கலை." அவரும் சளைத்தவரில்லை. "வந்ததுதான் வந்தீங்க, ஒரு சட்டைக்குத் துணி குடுத்துட்டுப் போகக்கூடாதா?" இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்போது அந்த அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "துணி காயப்போடப் போனேன். பூனை வந்துடும்னு பின்கதவைச் சாத்திட்டுப் போனேன். கூப்பிட்டிருந்தாக்கூட எனக்குக் கேட்டிருக்காது."

சட்டை மாற்றியாயிற்று. அம்மா கையை நீட்டினாள். "அதைப் பாத்துச் சொல்லு. அவர் எப்ப நின்னார்? நான் உள்ள இருந்தப்பவா, கொடிகிட்ட இருந்தப்பவா?"

மகள் திரையைப் பார்க்கவே இல்லை. கருவிக்கு அது தெரியாது. மூச்சு இருந்தபோதும் அது அவரை நடக்கவைத்தது, நின்றபிறகும் நடக்கவைக்கிறது. "அதுல தெரியாதும்மா" என்றாள்.

"நீ பாரு."

பார்த்தாள். காலை நேரத்துக்குப் பாதையைப் பின்னோக்கி நகர்த்தினாள். கோடு வழக்கம்போலக் கட்டிலைச் சுற்றிச் சிக்கெடுக்காத நூலாகக் கிடந்தது. அம்மா துணி வாளியோடு வெளியே போன நேரம் வந்தபோது, அந்தச் சிக்கலிலிருந்து ஓர் இழை பிரிந்தது. சமையலறையைக் கடந்தது. சாத்தியிருந்த பின்கதவு இருக்கும் இடத்தைத் தாண்டியது. கொல்லையில், கொடி கட்டியிருக்கும் இடத்தில், சற்று நேரம் நின்றது. பிறகுதான் திரும்பியது.

கோடு தெருப் பக்கம் போயிருக்கலாம். பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் போயிருக்கலாம். எத்தனையோ நாள் போயிருக்கிறது, அதைச் சொல்லி அப்பாவைக் கிண்டல் செய்ததும் உண்டு. இன்றைக்கு இங்கே வந்திருந்தது. கடைக்காரர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் அதே இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

திரையை அம்மாவின் பக்கம் திருப்பினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் அந்தக் கோட்டைக் கட்டிலிலிருந்து கொடி வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"சுவத்துல பட்டுச் சுத்தி வர்றதுதானே இது?"

"ஆமாம்மா. அதுதான்."

"தெரியும்" என்றாள் அம்மா. விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கொடி வரைக்கும் வந்திருக்கார்" என்றாள். அப்போதுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல், வெகுநேரம்.

பிறகு தானே கருவியைப் புதுச் சட்டையின் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். "அங்க போனதும் எடுத்துக்கோ. அணைச்சிடாத."

தெரு குறுகல். வண்டி உள்ளே வராது. தெருமுனை மைதானம் வரை தூக்கிக்கொண்டு போய், வண்டியின் பின்கதவைத் திறக்கும்வரை அவரைக் கீழே இறக்கினார்கள். தலைக்கு மேலே மரமில்லை, கம்பி இல்லை. வானம் மட்டும் அகலமாகக் கிடந்தது. சட்டைப் பை சரிந்திருந்ததைச் சரிசெய்யப் போன மகள், திரையைப் பார்த்துவிட்டு அப்படியே குனிந்து நின்றாள்.

புள்ளி அசையவில்லை.

தையல்காரரும் எட்டிப் பார்த்தார். இத்தனை மாதங்களில் அவர்கள் யாரும் அதை அசையாமல் பார்த்ததில்லை. "ஏன் நின்னுடுச்சு?" என்றார், யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலத் தணிந்த குரலில்.

"மேல எதுவும் மறைக்கலை. நேராத் தெரியறாரு" என்றாள் மகள்.

தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் செயற்கைக்கோள்கள் அங்கே இருந்தன. எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில் சுற்றிக்கொண்டே, தெருமுனையில் கிடக்கும் ஒரு மீட்டர்க்காரரை இம்மி பிசகாமல் பார்த்துக்கொண்டிருந்தன. தூக்க வந்தவர்களும் ஏனென்று தெரியாமலே மேலே பார்த்தார்கள். வண்டிக்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் குனிந்து தூக்கினார்கள்.

முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. அடக்கம் முடிந்து மகள் வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கருவியை வாங்கித் திரையைப் பார்த்தாள்.

வீடு இருக்குமிடத்தில் ஒரு நூல்கண்டு. அங்கிருந்து நேரே ஓடிய ஒரு கோடு. அதை ஒட்டி, ஒரு மயிரிழை விலகி, இன்னொன்று.

"ரெண்டு இருக்கே."

"போனது ஒண்ணு. வந்தது ஒண்ணு."

அம்மா தலையாட்டினாள். உள்ளே போய், வெறும் கட்டிலின் தலைமாட்டில் கருவியை வைத்து, வழக்கம்போல சார்ஜர் வயரை மாட்டினாள். காலையில் போட்ட துணி கொடியிலேயே கிடந்தது; அதில் அவருடைய சட்டைகளும் இருந்தன. எடுத்து வருகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பூனை கொல்லைச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பின்கதவை அவள் சாத்தவில்லை.