பதினாறடிப் பூப்பாத்தி

பட்டறைக்காரிக்கு அக்கா புருஷன் என்றால் மரியாதை. அவர் இன்ஜினீயர். இவள் கணக்கில் தேறாமல் பள்ளியை விட்டு வெல்டிங் கற்றவள். அதை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்ட அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

அவரே ஒரு வேலையும் கொடுத்தார். நூலக வாசலில் முக்கோணப் பூப்பாத்தி, அதற்கு இரும்புச் சட்டம். பக்கங்கள் பதினாறு, ஒன்பது, ஆறு அடி.

பதினாறடிக் கம்பியைத் தரையில் கிடத்தி, இரு முனைகளிலும் மற்ற இரண்டையும் பொருத்திப் பார்த்தாள். தரையோடு தரையாகப் படுக்க வைத்தும் நடுவில் ஓர் அடி பல்லிளித்தது. நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போனாள்.

"அத்தான், ஒன்பதும் ஆறும் சேர்ந்தாலே பதினஞ்சுதான். பதினாறை எப்படி எட்டும்?"

"வரைபடத்துல மூணு பேர் கையெழுத்து இருக்கும்மா. மூணு பேருக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"எனக்கு என்ன தெரியும்? கம்பி சேரமாட்டேங்குது."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, எவ்வளவுதான் வேணும் உனக்கு?"

"மூணாவது பக்கம் பதினஞ்சுக்குக் கீழ இருக்கணும். மூணுக்கு மேலயும் இருக்கணும். மூணுன்னா அதுவும் ஆறும் சேர்ந்து ஒன்பது மேலயே படுத்துக்கும். நடுவுல எதைக் கேட்டாலும் செஞ்சு தர்றேன்."

"மச்சினிக்காக ஓர் அடி விட்டுக்கொடுக்கிறேன். பதினஞ்சுன்னு வச்சுக்க."

"கீழன்னா கீழ, அத்தான். பதினஞ்சும் ஆகாது."

"பேரம் பேசாதே!" என்று திருத்திக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார்.

எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். ஒன்பதும் ஆறும் ஒரே கோடாகி, பதினைந்தின் மேல் ஒட்டிக்கொண்டன. வாசலில் இறக்கியபோது தடித்த ஒற்றைக் கம்பியாகத்தான் கிடந்தது. மேற்பார்வையாளர் டேப் பிடித்து அளந்தார். பதினைந்து, ஒன்பது, ஆறு. மூன்றும் சரி என்று குறித்துக்கொண்டு போனார்.

தோட்டக்காரர் ரோஜாத் தொட்டியோடு அந்தக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "செடியை எங்கம்மா வைக்கிறது?"

"உள்ளேதான்" என்றாள் அவள்.

ஒரு வாரம் கழித்து அத்தான் பட்டறையின் பின்வாசல் வழியாக வந்தார். கையில் காகிதம் இல்லை, குரலும் இறங்கியிருந்தது.

"பதினாலே முக்கால்னா வருமா?"

"வரும். ஆனா செடி படுத்துக்கிட்டுத்தான் வளரணும்."

"பன்னெண்டு?"

"தாராளமா வரும்."

"அப்போ பன்னெண்டே போடு. பழுதுபார்ப்புன்னு எழுதிக்கிறேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

அக்கா நேற்றே போன் செய்து, சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனை வைத்ததை அவள் சொல்லவில்லை. பதினைந்தடிக் கம்பியில் மூன்றடி அளந்து வெட்டினாள்.