பைபர் போட்ட மாடி

உதயா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினான். நான் பின்னாலேயே ஓடினேன். காலை பதினோரு மணி. சித்திரை வெயில் வெள்ளைத் தளத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அது நான் போட்ட தளம். படகுக்குப் போடுவதுபோலவே கண்ணாடி நாரும் ரெசின் பசையும் மூன்று அடுக்கு, அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு. காசிமேட்டில் இருபத்தெட்டு வருஷமாகப் பைபர் படகு கட்டுகிறேன். நான் போட்ட ஒட்டு எந்தக் கடலிலும் விட்டதில்லை.

"எறங்குடா கீழ," என்றேன்.

"நீ எறங்குண்ணா. இன்னிக்கு ஒண்ணு இந்த மாடி, இல்லாங்காட்டி நானு."

தண்டையார்பேட்டையில் அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன வீடு இது. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இறுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது என்று அப்பா அதன்மேல் தார் பூசியிருந்தார். அந்தத் தார் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் எங்கள் மேல் கக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மே மாதத்தில் என் மனைவி மங்கம்மா அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். உடம்பு இரும்பாகச் சுட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் எழுந்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஏசி வாங்கி மாட்டினேன். இரவும் பகலும் ஓடியும் அறை குளிரவில்லை. இரண்டு முறை ஒயர்தான் உருகியது.

உதயா என் தம்பி. காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். திருவொற்றியூரில் வாடகைக்கு இருக்கிறான். இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கட்டலாம் என்றான். பழைய வீட்டுக்குச் செலவு செய்வது செத்தவனுக்கு ஊசி போடுவது என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூரையைக் குளிர வைத்தால் போதும், வீடு நிற்கும் என்பது என் கட்சி.

பழைய சுண்ணாம்பு வீடுகளைப் பார்க்கும் மொஹ்சின் பாயைக் கூட்டிவந்து காட்டினேன். தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடுகளைப் பதிக்கச் சொன்னார். நான் பைபர் போடப்போவதாகச் சொன்னதும் கையை வீசி மறுத்தார்.

"வாணாம் நைனா."

"இன்னா பாய், கடல்ல வுடாத பைபரு மழைக்கா வுட்ரும்?"

"படகு வேற, வூடு வேற. சுண்ணாம்பு மூச்சு வுடும். தண்ணி எந்த வழியா வந்தாலும் மேல காய்ஞ்சிரும். நீ வாய மூடினா உள்ளயே நின்னு கட்டய தின்னுரும்."

சிரித்துவிட்டு அனுப்பினேன். போன வருஷம் மாசி மாதத்தில் தாரைப் பெயர்த்துவிட்டுப் பைபர் போட்டேன். தெருவே வந்து பார்த்தது. "இன்னா தாஸண்ணா, மாடிய எப்போ கடல்ல எறக்கப் போற? இஞ்ஜின் வாங்கிட்டியா?" என்று எதிர்வீட்டு ஜெகதீசன் கேலி செய்தான். ஆனால் அந்தக் கோடை முழுக்க அறை குளிர்ந்து கிடந்தது. கரண்ட் பில் பாதியானது. மங்கம்மா மதியத்தில் போர்த்திக்கொண்டு தூங்கினாள். நான் நாற்காலியில் ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பேன்.

பிறகு மழை வந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. அந்த வழியாக இறங்கிய தண்ணீருக்கு மேலே போக வழியில்லை. மார்கழியில் சுவருக்குள் நுழையும் இடத்தில் கட்டைகளின் முனை கறுத்திருந்ததைப் பார்த்தேன். திருப்புளியால் குத்தினேன். வெண்ணெயில் குத்தியதுபோல் இறங்கியது.

அதைப் பற்றி யாரிடமும் நான் பேசவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் அந்தக் கட்டைகளுக்கு மட்டும் பழுப்பு எனாமல் அடித்தேன். அவை பளபளத்தன. அதன்பின் கிட்டத்தட்ட நான்கு மாதம் அந்தக் கட்டைகளுக்கு அடியில் என் மனைவி தூங்கினாள். நான் பக்கத்தில் விழித்துக் கிடந்தேன். தோற்றுவிட்டேன் என்று தம்பியிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும். அது வாயில் வரவில்லை.

முந்தின நாள் மங்கம்மாவின் சோற்றுத் தட்டில் காரை விழுந்தது. அவள் உதயாவுக்குப் போன் செய்தாள். அதனால்தான் அவன் கடப்பாரையோடு வந்து மாடியில் நின்றான்.

"தொறந்து பாக்கலாம்ண்ணா. நல்லாகீதுன்னா நானே ஒட்ட வெச்சுட்டுப் போறேன்."

"கைய வெச்சே, கொன்னுருவேன்."

"ஏன், உள்ள இன்னா கீது? பொணமா?"

அந்தச் சொல்லோடு என் கை நீண்டது. கைப்பிடிச் சுவர் ஓரம் பைபர் உருட்டும் ரோலர் கிடந்தது. அதன் இரும்புப் பிடியால் அவன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணை நிரப்பி வெள்ளைத் தளத்தில் சொட்டியது. எந்தச் சொட்டும் உள்ளே போகவில்லை. மணி மணியாக நின்றது. இரண்டாவது முறை ஓங்கினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். நான் மூச்சுப் பிடிக்க உட்கார்ந்த நேரத்தில், ஒற்றைக் கண்ணோடு கடப்பாரையை உயர்த்தி இரண்டு கையாலும் இறக்கினான்.

சத்தமே வரவில்லை. கடப்பாரை ஒரு முழம் உள்ளே போனது. அவன் உருவினான். ஓட்டையிலிருந்து புளித்த நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஆறு மாதத்துக்கு முந்தின மழை.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் காலடி அமுங்கியது. பைபர் வளைந்தது, கிழிந்தது. உதயா இடுப்புவரை உள்ளே போனான். கீழே செங்கற்கள் சரியும் சத்தம். நான் பாய்ந்து அவன் அக்குளைப் பிடித்தேன். கிழிந்த பைபர் விளிம்பு கத்திபோல் அவன் தொடையை அறுத்துக்கொண்டிருந்தது. அவன் கத்தினான். நான் இழுத்தேன். இழுக்க இழுக்க அறுத்தது. கடைசியில் இருவரும் மல்லாந்து விழுந்தோம்.

கீழே மங்கம்மா.

படியில் உருண்டுதான் இறங்கினேன். அவள் அறை வாசலில் நின்றாள். எங்கள் சத்தம் கேட்டுக் கட்டிலைவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். வாசலைத் தாண்டும் முன் ஒரு செங்கல் கையில் விழுந்திருக்கிறது. இடது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். தலையணை இருந்த இடத்தில் செங்கல் குவியல். அதன்மேல் முறிந்த கட்டை. வெளியே பழுப்பு எனாமல் மின்னியது. உள்ளே கருவாட்டுத் தூள்போல் கறுப்பு.

உதயா சுவரைப் பிடித்து நொண்டியபடி வந்தான். கட்டையை எடுத்தான். விரலால் நசுக்கினான். என்னைப் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் பெயிண்ட் அட்ச்சியா?"

நான் கட்டிலைப் பார்த்தேன்.

"அண்ணிய தெரிஞ்சே கீழ படுக்க வெச்சியா?"

அவன் அந்தக் கட்டையாலேயே அடித்தான். அது என் தோளில் மண்ணாக உதிர்ந்தது. பிறகு முஷ்டியால் அடித்தான். உதடு கிழிந்தது. ஒரு பல் ஆடியது. நான் கையைத் தூக்கவில்லை. மங்கம்மாதான் கடைசியில், "போதும் உதயா, அந்தாளு செத்தா இடிபாட யாரு வார்றது?" என்றாள்.

மூன்றாம் நாள் மொஹ்சின் பாய் வந்து பதினான்கு கட்டைகளையும் குத்திப் பார்த்தார். நான்கு போய்விட்டன. பத்து கெட்டியாக இருந்தன. "நிக்கும்," என்றார். "பைபரு போவணும். நாலு கட்ட மாத்தணும். சுண்ணாம்பு, தட்டோடு. நா மொதல்ல சொன்னதுதான்."

தொடையில் தையலோடு உட்கார்ந்திருந்த உதயா, "இட்ச்சிரலாம் பாய்," என்றான். "இன்னும் எத்தினி தபா இவன நம்புறது?"

மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு மங்கம்மா பேசினாள். "ஒன் காங்கிரீட்டு வூட்ல போன வாரம் ரெண்டு நாளு இருந்தேனே உதயா. மேல்மாடி. நடுராத்திரிக்கும் செவுரு சுட்டுச்சு. ஒம்பொண்டாட்டி ஈரத்துணிய தரைல விரிச்சுப் படுக்குறா. அந்தப் பொட்டிய இங்கயும் கட்னா நா ஒரு கோடைக்குத் தாங்க மாட்டேன். இந்த வூடு கெட்டது இல்ல. இந்தாளுதான் கெடுத்தான்." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பாய் செய்யட்டும். யோவ், நீ போட்டத நீ பேத்து எடு. அதோட ஒன் வேல முடிஞ்சிச்சு. கூரை மேல இனி ஒன் கை படக் கூடாது."

உதயா சுவரைப் பிடித்து எழுந்தான். "ஒரு மழ பாக்கலாம் அண்ணி. ஒயுகுச்சுன்னா இடிக்கிறதுதான்," என்றான். கடப்பாரையை எடுத்துப் போகவில்லை. மாடிப்படி மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் கட்டர் மிஷினோடு ஏறினேன். சாரத்துக்கு மேல் பலகை போட்டு நின்றுகொண்டு அறுத்தேன். என் ஒட்டு லேசில் விடவில்லை. ஒவ்வொரு சாணுக்கும் உளி வைத்து அடித்து, பிடித்து இழுத்து, தோலை உரிப்பதுபோல் உரிக்கவேண்டியிருந்தது. கண்ணாடித் தூள் கழுத்திலும் கண்ணிலும் அரித்தது. இருமும்போதெல்லாம் உதட்டுத் தையல் பிரிந்தது.

உரித்த இடத்தில் சுண்ணாம்பு முதலில் ஊறிய சோறுபோல் இருந்தது. ஆவி பறந்தது. உச்சி வெயிலில் மெல்ல வெளுத்தது. குனிந்து அடித்தபோது உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அதில் விழுந்தது. உடனே உள்ளே போய்விட்டது. கையை ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அடுத்த சாணுக்கு உளியை வைத்தேன்.