ரிப்பன் கட்டாத சிலுவை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கிரீஸின் வடகரையில், எங்கள் பலியோஸ்கலா ஊர்க் காபிக் கடையில், தொமாயி என் தட்டில் கொட்டிய சிப்பிகளிலிருந்து வந்தது. எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே கறுப்புச் சேறு.

"வாராவாரம் கொலைக் கதையா எழுதித் தள்ளுறியே, இதை எழுது. குடும்பத்தோட காலி."

தொமாயி கடலில் கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்ப்பவள். பக்கத்துத் துறைமுகத்தைத் தூர்வாரும் நிறுவனம், அள்ளிய சேற்றை ஆழ்கடலில் கொட்ட வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க எங்கள் வளைகுடாவிலேயே கொட்டுகிறது. வசந்தத்தில் சிப்பிக் குஞ்சுகள் கயிற்றில் ஒட்டும். அதற்குள் இது நிற்காவிட்டால் அவள் பிழைப்பு முடிந்தது.

2

முதல் தொடக்கம்: "நள்ளிரவு. விளக்கணைத்த கப்பல் ஒன்று பதுங்கிப் பதுங்கி—"

(அடித்துவிட்டேன். அவர்கள் பட்டப்பகலில், பாட்டுப் போட்டுக்கொண்டு கொட்டுகிறார்கள். போகும்போது சங்கு வேறு ஊதுகிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "மேயர் பரஸ்கோஸின் கண்களில் கொடூரம்—"

(கொட்டுவதே இல்லை என்று சாதிப்பவர் அவர்தான். ஆனாலும் இதுவும் தேறவில்லை. அவர் கண்களில் இருந்தது கண்புரைதான்.* எந்தக் கல்யாணத்திலும் முதலில் அழும் மனிதரை எப்படி வில்லனாக்குவது?)

* சேறு அதனால்தான் தெரியவில்லை என்று எழுத ஆசை. ஆனால் ஆபரேஷன் போன வருடமே முடிந்துவிட்டது.

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

ஜனவரி ஆறு, கடலை ஆசீர்வதிக்கும் நாள். பாதர் அர்கிரிஸ் கோயிலின் வெள்ளிச் சிலுவையைத் தண்ணீரில் வீசுவார். பையன்கள் குதித்து எடுப்பார்கள். எடுத்தவனுக்கு வருடம் முழுக்க யோகம். சிலுவையில் நீளமாக ஒரு நீல ரிப்பன் இருக்கும். யாருக்கும் சிக்காவிட்டால் பாதர் நைசாக இழுத்துக்கொள்வார். ஊரறிந்த ரகசியம்.

இந்த முறை மேயர் குறுக்கே வந்தார்.

"சாமி, ரிப்பனை அவிழ்த்துடுங்க."

"எதுக்குப்பா வம்பு? வெள்ளி, மிதக்காது."

"டி.வி.காரங்க வந்திருக்காங்க. கயிறு கட்டி வீசினா, தண்ணிக்கடியில சேறுன்னு தொமாயி சொல்றது நிஜம்னு ஆயிடும். நம்ம தண்ணி கண்ணாடி சாமி. காசு போட்டா தலையா பூவான்னு தெரியும்."

பாதர் அவிழ்த்தார். வீசினார். ஐந்து பேர் குதித்தார்கள். ஐந்து பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். வெறுங்கை என்பதும் தப்பு, தோள்வரை கறுப்பு.

"சிலுவை எங்கடா?" என்றார் மேயர்.

"அடியையே காணோம் அண்ணே. கையை விட்டா போய்க்கிட்டே இருக்கு."

கேமரா மேயர் பக்கம் திரும்பியது.

"பாசி," என்றார் மேயர்.

"பாசியில டீசல் நாத்தம் வருமா அண்ணே?" என்றாள் தொமாயி.

4

அன்று ஊரில் ஒருவரும் விருந்து சாப்பிடவில்லை. பாதர் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேயர் காபிக் கடையில் அமர்ந்து துறைமுக அதிகாரிக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். கடையே கேட்டது.

"சார், சேறு உறிஞ்சுற பம்ப் ஒண்ணு அனுப்பணும்."

"உங்க ஊர்ல சேறே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லைதான்."

"அப்ப எதை உறிஞ்ச? இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கே பம்ப் வரும், கொட்டுறதும் நிக்கும்."

மேயர் யோசித்தார். "இல்லாத சேத்துல விழுந்ததை எடுக்க வேற வழி இருக்கா சார்?"

5

முடிவு ஒன்று: மேயர் அந்த வார்த்தையைச் சொல்கிறார். கொட்டுவது நிற்கிறது. (நம்ப முடியாததை எழுதியே பிழைப்பவன் நான். எனக்கே கூசுகிறது.)

முடிவு இரண்டு: நகரத்தில் புதுச் சிலுவை வாங்கிவந்து, கிடைத்துவிட்டது என்கிறார். (பழையதில் ஒரு கை கொஞ்சம் வளைந்திருக்கும். முத்தமிடும்போதே பாதருக்குத் தெரிந்துவிடும்.)

முடிவு மூன்று: மறுநாள் விடிந்ததும் தொமாயி தனியாக இறங்கி, தடவித் தடவி, சிலுவையை எடுத்துவிட்டாள். கொடுத்தால் பாதர் எழுந்துவிடுவார். மேயரும் வாயைத் திறக்காமல் தப்பிப்பார். பம்ப் வராது. கப்பல் வரும். கொடுக்காவிட்டால் அவள் கோயில் சொத்துத் திருடி. சிலுவை இப்போது அவள் கொட்டகையில், சிப்பி வாளிக்கு அடியில்—

(இந்த வாக்கியத்தை முடிக்காதே என்று கேட்டுக்கொண்டாள். இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.)*

* முழுக் கற்பனை.

6

ஒரு சிக்கல். இந்தப் பத்திரிகையை ஊரில் முதலில் வாங்குபவர் மேயர். என் கதைகளைக் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பார்.

அண்ணே, சந்தேகம் இருந்தால் தாராளமாகத் தேடுங்கள். தொமாயியின் கொட்டகை கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. முன்பெல்லாம் வாசல்வரை படகில் போகலாம். இப்போது படகு பாதியில் தரைதட்டிவிடுகிறது. இறங்கி நடக்க வேண்டும். அதற்கு இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். அது சிப்பிக்காரர்களிடம்தான் இருக்கும். மற்றவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டதால், ஊரில் மிச்சமிருக்கும் சிப்பிக்காரி தொமாயி ஒருத்திதான்.

ஆக, அவளிடமே இரவல் கேட்பீர்கள்.

"பூட்ஸ் எதுக்கு அண்ணே?" என்பாள் அவள், காபிக் கடை முழுக்கக் கேட்கும்படி.

மேயரின் பதிலை நான் எழுதப்போவதில்லை. வாசகர்களே, நீங்கள் எழுதுங்கள். ஒரு சொல் போதும். 'பாசி' என்று எழுத நினைப்பவர்கள் மட்டும் ஒருமுறை இறங்கி நடந்து பார்த்துவிட்டு எழுதவும்.