முன்வரிசை

ஷட்டரை இடுப்பளவு தூக்கி, குனிந்து கடைக்குள் நுழைந்தாள். மாடி வீட்டில் கூடியிருந்தவர்களுக்குத் தேநீர் போடச் சர்க்கரை தீர்ந்துவிட்டது. விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கணவர் எழுந்திருக்கவே இல்லை. பதினொரு மணிக்கு அமரர் ஊர்தி வரும்.

"கடைய வித்துடலாம் அண்ணி. கல்லாவுல உக்காந்தா மட்டும் யாவாரம் தெரிஞ்சிடுமா?" என்று கொழுந்தன் அழுகைக்கு நடுவிலேயே கேட்டுவிட்டான். கெட்டவன் இல்லை, வாய்தான் அவசரம். அவன் கேட்டதில் பொய்யும் இல்லை. பத்தொன்பது வருடமாக அவள் பில் மட்டும்தான் போட்டாள். எதை வாங்குவது, எங்கே அடுக்குவது எல்லாம் அவர் பாடு. எட்டாவது படிக்கும் மகளுக்கும் அவளுக்கும் இந்தக் கடையை விட்டால் வேறு நாதி கிடையாது.

சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பின்னால் வெறும் பலகை. பக்கத்துப் பொட்டலத்தை நகர்த்தினாள், அங்கேயும் பலகைதான். சோப்பு, பற்பசை, பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள், எதற்குப் பின்னாலும் சரக்கு இல்லை. இருந்த சரக்கையெல்லாம் முன்வரிசைக்கு இழுத்து வைத்து, கடை நிறைந்திருப்பதுபோல் காட்டியிருக்கிறார் மனிதர். ஊரை ஏமாற்றினால் போகட்டும், ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தவளையுமா? கோபம் வந்தது. மேலே கிடத்தியிருக்கும் ஆளிடம் போய்க் கோபப்படுகிறோமே என்று அதற்கும் பயந்தாள்.

"அக்கா..."

ஷட்டருக்கு வெளியே மொத்தக் கடை சேல்ஸ்மேன் குனிந்து நின்றான். வாராவாரம் ஆர்டர் எடுக்க வருகிறவன், இன்று துக்கம் கேட்க வந்திருந்தான்.

"இது உனக்குத் தெரியுமா தம்பி?"

அலமாரியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். "முனையில பெரிய கடை வந்ததுலேருந்து இப்படித்தான்க்கா. காலித் தட்டப் பாத்தா ஜனம் திரும்பி வராதுன்னு அண்ணன் முன்னாடி இழுத்து வைப்பாரு. எது ஓடும்னு புரியாம என்னென்னவோ வாங்கி, பாதி கெட்டுப்போச்சு."

"ஆர்டர் எப்ப குடுக்கணும்?"

"இன்னைக்குப் பன்னெண்டுக்குள்ள. விட்டா அடுத்த வாரந்தான் சரக்கு வண்டி. அத இப்பப் போய் எப்படிக்கா..."

இந்த ஒற்றை வரிசை மூன்று நாள்கூடத் தாங்காது. "எத எவ்வளவு வாங்கறதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"உங்களுக்குத் தெரியாம யாருக்குக்கா தெரியும்? இங்கேருந்து போற ஒவ்வொண்ணும் உங்க கையத் தாண்டித்தானே போகுது? அண்ணன் உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"எழுதிக்கோ," என்றாள். "துணி சோப்பு, சின்னது. பெருச மாசக் கடைசில யாரும் தொடறதில்ல. டீத்தூள், அஞ்சு ரூபா பாக்கெட். பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, பென்சில் நெறைய போடு..." நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"அம்மா! வண்டி வந்துடுச்சு, மேல வாம்மா!" மாடியிலிருந்து மகள் கத்தினாள்.

"இதோ வரேன்."

வரேன் என்றாளே தவிர, கால் நகரவில்லை. மேலே போனால் அவர் முகத்தை மூடிவிடுவார்கள்.

"இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா, பாரு."

சேல்ஸ்மேன் பழைய பக்கங்களைப் புரட்டினான். "ஷேவிங் கிரீம், பச்ச ட்யூப்பு. மாசாமாசம் ஒண்ணு போடுவாரு. போட்டுட்டேன்க்கா, சரியா?"

"வேணாம். அது பில்லுக்கே வந்ததில்ல," என்றாள். "அவர்தான் எடுத்துக்குவாரு."

அவன் அந்த வரியை அடித்தான்.