பனியில் பதிந்த பேரிப்பூ

“அப்போ, இந்தத் தடம் போட்ட காலணி உன் பொண்டாட்டி தைச்சதுன்னு சத்தியமே பண்ணுவியா தெஹே?”

“பண்ணுவேன் அண்ணே. குதிகால் பக்கம் பாருங்க. அஞ்சு இதழ், நடுவுல ஒரு முடிச்சு. பேரிக்காய் மரத்துப் பூ, பேரிப்பூ.”

“எனக்குக் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு.”

வண்டியை முன்னாலிருந்து இழுக்கும் லாவோ மூ, கயிற்றைத் தோளிலிருந்து இறக்காமலேயே குனிந்து பார்த்தார். நான் ஒற்றைச் சக்கர வண்டியின் கைப்பிடிகளைப் பிடித்தபடி பின்னால் நின்றேன். தினை மூட்டைகள் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள் காத்து நின்றன.

“புதையல் கிடைச்சா பங்கு வைங்க! இல்லைன்னா வழிய விடுங்கடா!” என்று யாரோ ஒருவன் கத்தினான்.

ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மிதித்துச் சேறாக்கிய சாலை அது. ஒருவன் மட்டும் வரிசையை விட்டு ஓரமாக, புதுப் பனியில் நடந்து போயிருக்கிறான். அவன் வைத்த ஒவ்வோர் அடியிலும் ஒரு பூ. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் படைக்குக் காலணி தைத்தார்கள். அடியில் பூப்போட்டு நூலை வீணாக்குகிறாள் என்று திட்டு வாங்கியவள் என் லியென்யிங் ஒருத்திதான்.

பார்லி முழங்கால் உயரம் நின்றபோது கிளம்பினேன். படைக்குத் தானியம் தள்ள மூன்று மாதம் என்றார்கள். வசந்தத்தில் படை பிடித்தது ஒரு ரயில் நகரம், கோடையில் இன்னொன்று, இலையுதிர்காலத்தில் எட்டு நாள் எரிந்த மதில் நகரம். எதையும் நான் பார்த்ததில்லை. அடுத்த மேட்டுக்கு அப்பால் யாரோ கதவை இடிப்பது போன்ற ஓசைதான் எனக்குப் போர். நாங்கள் போய்ச் சேரும்போது கதவு இருக்காது. அந்தக் கோடையில் எதிரிப் படை எங்கள் ஊர் வழியாகப் போனதாகவும் கூரைகள் எரிந்ததாகவும் கேள்விப்பட்டேன். யார் மிஞ்சினார்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை.

“அடி மட்டும்தானே தெரியுது,” என்றார் மூ. “மேல ஒத்தைத் துணியா, பஞ்சு வச்சதா? ஒத்தைத் துணின்னா வசந்தத்துல தைச்சது. அப்ப நீயே ஊர்லதான் இருந்த. பஞ்சு வச்சதுன்னா...”

அவர் முடிக்கவில்லை. பஞ்சு வைத்த காலணி தைக்கச் சொல்லி ஊர்களுக்கு உத்தரவு வந்ததே இந்த அறுவடைக்குப் பிறகுதான், எங்கள் ஊர்க் கூரைகள் எரிந்ததற்கும் பிறகு.

மூன்று நாள் அந்தப் பூக்களுக்குப் பின்னால் வண்டி தள்ளினேன். சக்கரம் அவற்றின் மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். சில இடங்களில் பனி மூடியிருக்கும். ஊதினால் இதழ்கள் வெளிவரும். நடந்துகொண்டே கண்ணயர்ந்தபோது லியென்யிங்கே எனக்கு முன்னால், இடுப்பில் கட்டிய மாவு படிந்த துணியோடு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமாகவும் போகவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில், கூரையில்லாத ஒரு வீட்டின் பின்புறம், சோளத்தட்டைப் போரில் பூக்கள் முடிந்தன. அதற்குள் இடுப்புவரை புதைந்து, நரைமீசைச் சிப்பாய் ஒருவர் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தப்பா தட்டைக்குள்ள முறைக்கிற? செத்துட்டேன்னு நினைச்சு காலணியக் கழட்ட வந்தியா?”

“இல்லண்ணே.”

“வந்தாலும் வரிசையில நில்லு. உனக்கு முன்னாடி ரெண்டு பேரு சொல்லி வச்சிருக்காங்க.”

“இவன் கழட்டமாட்டான்யா,” என்று மூ சிரித்தார். “அந்தக் காலணிக்கு இவன் வீட்டுக்காரன்.”

சிப்பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. இந்த மூன்று நாளும் அவள் உயிரோடுதானே நடந்தாள். மூ என் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார். நான் பனியில் மண்டியிட்டேன்.

“அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் வெளிய நீட்டுறீங்களா?”